தண்ணீர் குடிக்கும் நேரமும் வேலை நேரமே!



வியர்வையைப் பற்றிப் பேசாத மேடை நம்மிடையே இல்லை. மே தினக் கூட்டமா, தோட்டத் திருவிழாவா, பள்ளி விளையாட்டுப் போட்டியா, எங்கே ஒலிபெருக்கி கட்டினாலும் “நம் முன்னோர் வியர்வை சிந்தி இந்த நாட்டை உருவாக்கினார்கள்” என்ற வார்த்தை வந்துவிடும். கைதட்டலும் விழும். ஆனால் சிந்திய வியர்வையைத் திரும்ப உடம்பில் ஊற்றுவது எப்படி என்று எந்தப் பேச்சாளரும் சொல்லி நாம் கேட்டதில்லை. இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறோம்.

“இதென்ன பெரிய விஷயம்? தாகம் எடுத்தா குடிக்கிறோம்” என்று சிலர் கேட்கலாம். அங்கேதான் தொல்லையே ஆரம்பிக்கிறது.

மூன்று பயிர், மூன்று வெயில்

சிம்பாங் அம்பாட் என்றால் நான்கு சாலைகள் கூடும் சந்தி. அந்தச் சந்தியைச் சுற்றியுள்ள செபராங் பிறை தென் மாவட்டம், தமிழ்த் தொழிலாளி காலம் காலமாக உழைத்த பூமி. ‘புரோவின்ஸ் வெல்லஸ்லி’ என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்திருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கரும்புத் தோட்டங்கள்தாம் இருந்தன. பத்து காவான், கலிடோனியா போன்ற பெயர்கள் அந்தக் காலத்தவை. ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்த நம் பாட்டன்மார் நிழலே இல்லாத கரும்புக் கொல்லையில் வெட்டினார்கள். மலாயாவில் அந்த ஒப்பந்தக் கூலி முறை 1910 இல்தான் ஒழிந்தது.

அதற்குப் பிறகு பால்மரம் வந்தது. பால்மரத்தில் ஆயிரம் கஷ்டம் இருந்தாலும் ஒரு நன்மை உண்டு. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும். ஆகவே விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்துவிடுவார்கள். தலைக்கு மேல் மர நிழலும் இருந்தது. துரை இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை அல்ல அது. மரத்தின் குணம் நமக்குச் செய்த உதவி.

செம்பனைக்கு அந்தக் குணம் கிடையாது. குலை காலையில் வெட்டினாலும் குலைதான், நடுப்பகலில் வெட்டினாலும் குலைதான். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து இழுத்து, இருபது கிலோவையும் தாண்டும் குலையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டு, மேடு பள்ளத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். விளையாட்டு வீரர் செய்யும் கடும் பயிற்சிக்கு இது ஒன்றும் குறைந்ததில்லை. அவருக்குத் தண்ணீர் கொடுக்க ஓரத்தில் ஓர் ஆள் நிற்பார். நமக்கு யார் நிற்கிறார்?

இன்று பத்து காவானில் தொழிற்சாலைகளும், 2014 இல் திறந்த இரண்டாவது பினாங்குப் பாலமும் வந்துவிட்டன. நம் பிள்ளைகளில் பலர் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். நிரையில் நிற்பவர்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் அதிகம். யார் நின்றாலும் வெயில் ஆள் பார்த்து அடிப்பதில்லை. வியர்வைக்கும் பாஸ்போர்ட் கிடையாது.

உடம்புக்குள் நடப்பது என்ன?

வேலை செய்யும் தசை சூட்டை உண்டாக்குகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்பு வியர்வையை விடுகிறது. வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. நம் நாட்டில் காற்றிலேயே ஈரம் மிகுதி. ஆகவே வியர்வை ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிறது. தண்ணீர் போகிறது, குளிர்ச்சி வருவதில்லை. உடம்பு இன்னும் வியர்வையை விடுகிறது. கடும் வேலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரை போவது சாதாரணம்.

அந்தத் தண்ணீர் இரத்தத்திலிருந்தும்தான் போகிறது. இரத்தத்தின் அளவு குறையக் குறைய நெஞ்சு வேகமாக அடிக்கிறது. எடையில் 2 விழுக்காடு தண்ணீரை இழந்தாலே வேலைத் திறன் குறையத் தொடங்கும். அறுபது கிலோ ஆளுக்கு அது 1.2 லிட்டர்தான். தலைவலி, எரிச்சல், கவனக் குறைவு எல்லாம் வரிசையாக வரும். மேலே அரிவாள் தொங்கும்போது கவனம் குறைந்தால் என்ன ஆகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

தாகத்தை நம்பலாமா? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எட்வர்ட் அடால்ஃப் என்ற அமெரிக்க விஞ்ஞானி பாலைவனத்தில் படைவீரர்களை வைத்து ஆராய்ந்தார். பக்கத்திலேயே தண்ணீர் இருந்தும், தாகத்துக்கு மட்டும் குடித்த வீரர்கள் இழந்த வியர்வையில் ஒரு பகுதியைத்தான் ஈடு செய்தார்கள். வெயிலில் கடுமையாக உழைக்கும்போது தாகம் பின்தங்கியே வருகிறது. கடன்காரன் வீட்டு வாசலுக்கு வந்த பிறகு கணக்குப் பார்ப்பதுபோல!

எவ்வளவு, எப்படிக் குடிப்பது?

வெயில் வேலைக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வுக் கழகம் சொல்லும் கணக்கு சுலபமானது. 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு கோப்பை, அதாவது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர். எப்படியும் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. ஒரேயடியாக மடமடவென்று ஊற்றிக்கொள்வதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி குடிப்பதே நல்லது.

வேலைக்குக் கிளம்பும் முன்பே வீட்டில் ஒன்றிரண்டு குவளை குடித்துவிட வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு வரக்கோப்பியோடு ஓடுவது போதாது. மாலையில் திடலில் பந்து விளையாடும் தம்பிகளுக்கும் இதே விதிதான். எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு, காய்ந்த உடம்போடு திடலில் இறங்கினால், ஆட்டம் தொடங்கும்போதே கடனில்தான் தொடங்குகிறீர்கள்.

சரியாகக் குடித்தோமா என்று பார்க்க இரண்டு வழி உண்டு. முதல் வழிக்குக் காசே வேண்டாம். சிறுநீரைப் பாருங்கள். வெளிறிய மஞ்சள் என்றால் நல்லது. கெட்டித் தேயிலைச் சாயம்போல இருந்தால் உடம்பு காய்ந்திருக்கிறது. சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நிறம் மாறும், அதைக் கவனத்தில் வையுங்கள். இரண்டாவது வழி தராசு. விளையாட்டுக்கு முன்பும் பின்பும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் பாக்கி என்று அர்த்தம். வாரத்தில் நாலு நாள் ஓடுகிறவர், இப்படி இரண்டு மூன்று முறை பார்த்தாலே தன் உடம்பின் கணக்கு அவருக்குத் தெரிந்துவிடும்.

உப்பை மறக்கக் கூடாது

வியர்வையை நக்கிப் பார்த்தவருக்குத் தெரியும், அது கரிக்கும். தண்ணீரோடு உப்பும் போகிறது. 1923 இல் கே.என். மாஸ் என்பவர் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்தார். சூடான சுரங்கத்தில் வேர்த்து வேர்த்து வெறும் தண்ணீராகக் குடித்தவர்களைத் தசைப்பிடிப்பு வாட்டியது. தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சேர்த்ததும் நிலைமை மாறியது.

அளவு மீறிய தண்ணீரும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் உப்பு அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது உடம்பு இழந்ததைவிட அதிகமாகக் குடித்து எடை கூடியவர்களே இதில் பெரிதும் மாட்டிக்கொண்டவர்கள். பினாங்குப் பாலத்தில் மாரத்தான் ஓடும் நம் இளைஞர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் என்ன குடிப்பது? ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலைக்கும் விளையாட்டுக்கும் வெறும் தண்ணீரே போதும். மணிக்கணக்காக வேர்க்கும்போதுதான் உப்பும் தேவை. வேளை தவறாமல் சாப்பிட்டாலே பெரும்பகுதி உப்பு கிடைத்துவிடும். அதற்கு மேல் நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. பாட்டி கொடுத்த நீராகாரம், உப்புப் போட்ட மோர், அரிசிக் கஞ்சி இவை எதுவும் மூடத்தனம் அல்ல. வயிற்றுப்போக்குக்கு உலகம் முழுவதும் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல், 1971 இல் வங்காளதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் ஆயிரக்கணக்கான உயிரைக் காத்த கரைசல், அதுவும் இதே தத்துவம்தான். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மயங்கும் அளவுக்கு வேர்த்தவருக்கும் இது உதவும்; தினமும் தண்ணீருக்குப் பதிலாகக் குடிப்பதற்கு அல்ல.

கடைகளில் விற்கும் ‘100 பிளஸ்’ 1983 முதல் நம் நாட்டில் இருக்கிறது. நீண்ட ஆட்டத்தின் நடுவே ஒரு டின் குடித்தால் தவறில்லை. ஆனால் அதையே நாள் முழுக்கக் குடித்தால் சர்க்கரை சேரும். கெட்டிப்பால் ஊற்றிய தேத்தண்ணீரும் அப்படித்தான். 2019 இல் சுகாதார அமைச்சு எடுத்த நாடு தழுவிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் நம்மவரிடையேதான் அது மிக அதிகம். சாராயமும் பீரும் தாகம் தீர்க்கும் பானங்கள் அல்ல. இருக்கும் தண்ணீரையும் அவை வெளியே தள்ளிவிடும்.

இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மேலே சொன்ன அளவை அப்படியே பின்பற்ற வேண்டாம். டாக்டரிடம் கேட்டு அவர் சொல்லும் அளவைக் குடியுங்கள்.

கரும்புக் கொல்லை தந்த எச்சரிக்கை

நம் முன்னோர் வெட்டிய கரும்பு இங்கே மறைந்துவிட்டது. மத்திய அமெரிக்காவில் இன்றும் கையால் கரும்பு வெட்டுகிறார்கள். எல் சால்வடோர் நாட்டு மருத்துவர்கள் 2002 இல் ஒரு புதிரை எழுதி வெளியிட்டார்கள். சர்க்கரை நோயும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. ஆனால் கடலோரச் சமவெளியில் உழைக்கும் ஆண்கள் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். நிக்காராகுவாவிலும் கரும்பு வெட்டும் இளைஞர்கள் இப்படியே சாய்ந்தார்கள். காரணம் ஒன்றா பலவா என்ற விவாதம் முடியவில்லை. எனினும் நாள்தோறும் கொடும் வெயிலில், ஓய்வில்லாமல், உடம்பு காய்ந்து உழைப்பதற்கு அதில் பெரும் பங்கு உண்டு என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அங்கே இப்போது கையாளும் மருந்தின் பெயர் மூன்றே சொல்: தண்ணீர், ஓய்வு, நிழல்.

தண்ணீர் மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். ஓய்வும் நிழலும் சேர்ந்தால்தான் அது மருந்து.

கூலிக் கணக்கும் தாகமும்

நாம் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசும்போது, “அண்ணே, குடிக்கணும்னு எங்களுக்குத் தெரியாதா? நின்னா டன்னு குறையுது. டன்னு குறைஞ்சா சம்பளம் குறையுது” என்று வெட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். உண்மை. எடைக்குக் கூலி என்றால், தண்ணீர் குடிக்க நிற்கும் ஐந்து நிமிடமும் தொழிலாளியின் பையிலிருந்துதான் போகிறது. பிறகு அவருக்குச் சுகாதாரப் பாடம் நடத்தி என்ன பயன்?

சுமையையும் பாருங்கள். காலை ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஐந்து மணி நேரத்துக்கு நாலு, ஐந்து லிட்டர் வேண்டும். அது நாலு, ஐந்து கிலோ. கம்பும் வண்டியும் கையிலிருக்க, அதையும் யார் சுமப்பது? வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒன்றரை லிட்டர்ப் போத்தல் ஒன்பது மணிக்கே காலி.

பெண்கள் படும் பாடு இன்னும் வேறு. “தண்ணி குடிச்சா எங்கே போறது? ஆம்பளைங்க மாதிரி மரத்துக்குப் பின்னாலயா ஒதுங்க முடியும்?” என்று அக்காமார் கேட்கும்போது நமக்குப் பதில் வருவதில்லை. கக்கூஸ் இல்லாத காரணத்தால் வேண்டுமென்றே தாகத்தோடு வேலை செய்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் கல்லடைப்பும் அப்படித்தான் வந்து சேர்கின்றன. மருந்தடிக்கும் பெண்களுக்கு முகமூடி, உறை, நீண்ட சட்டை எல்லாம் சூட்டை இன்னும் கூட்டும். ஆனால் மருந்துக் கையோடு போத்தலைத் தொட முடியாது. கை கழுவத் தனித் தண்ணீரும் சோப்பும் பக்கத்தில் இருந்தால்தான் அவர்கள் குடிக்கவே முடியும்.

சட்டம் எது வரை வருகிறது?

1990 ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டப்படி, தோட்டத்தில் வீடு கொடுக்கும் முதலாளி அந்த வீட்டுக்கு இலவசமாகப் போதிய குழாய்த் தண்ணீரும் கொடுக்க வேண்டும். லயத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. நிரைக்கு வரவில்லை.

1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. இடையில் அரை மணி நேரமாவது ஓய்வு விட வேண்டும். ஐந்து மணி நேரத்துக்குள் உடம்பிலிருந்து ஐந்து லிட்டர் போய்விடக் கூடும் என்று மேலே கணக்குப் பார்த்தோம். அந்த ஓய்வு வெயிலுக்காக எழுதப்பட்டதல்ல.

வேலையிடத்தில் வெப்ப அழுத்தத்தைக் கையாளும் முறை பற்றி 2016 இல் தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகா ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நல்ல வழிகாட்டிதான். ஆனால் வழிகாட்டி என்பது சட்டமல்ல. அதே சமயம் 1994 ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை அகற்றாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. இதை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

நம் நாட்டு வெயில் சாதாரணமல்ல. 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது. 2016 மார்ச்சில் வெப்பத்துக்காகப் பெர்லிஸ், கெடா பள்ளிகளை மூடினார்கள். 2023 ஏப்ரலில் பள்ளிகளின் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்தினார்கள். பிள்ளைகளை வெயிலிலிருந்து காத்தது சரியே. அந்தப் பிள்ளைகளின் அப்பாவும் அம்மாவும் அந்த வெயிலில் எங்கே இருந்தார்கள் என்று யாராவது கேட்டார்களா?

போராடியவர்கள் வாங்கினார்கள்

1931 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஹூவர் அணைக்கட்டில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் கோரிக்கைகளில் குளிர்ந்த குடிதண்ணீரும் ஒன்று. தண்ணீருக்கும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது! கலிபோர்னியாவில் 2005 கோடையில் பண்ணைத் தொழிலாளர்கள் வெயிலில் செத்து விழுந்த பிறகு அரசு விதி போட்டது. அங்கே இன்று ஆளுக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் நிழலும் முதலாளியின் பொறுப்பு. 2016 முதல், எடைக்கோ எண்ணிக்கைக்கோ கூலி வாங்குகிறவருக்கும் ஓய்வு நேரத்துக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கத்தாரில்கூட 2021 முதல் ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெளிவேலை தடை.

அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? ஆகவே அடுத்த பேச்சுவார்த்தை மேசையில் நாம் வைக்க வேண்டியவை இவை:

1. குலை சேர்க்கும் மேடைதோறும் மூடிய தொட்டியில் சுத்தமான குடிதண்ணீர். குலை ஏற்ற வரும் டிராக்டரே அதைக் கொண்டுவந்து வைக்கலாம்.

2. அதன் பக்கத்தில் நிழலுக்கு ஒரு கொட்டகை. பெண்களுக்கு ஒரு கக்கூஸ். மருந்தடிப்போருக்குக் கை கழுவும் தண்ணீர்.

3. வெயில் நேரத்தில் இடையிடையே ஓய்வு. அந்த நேரத்துக்குக் கூலி வெட்டு கிடையாது.

4. புதிதாக வந்தவருக்கும், நீண்ட லீவு முடிந்து திரும்பியவருக்கும் முதல் நாளே முழு வேலை கொடுக்கக் கூடாது. உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

5. வானிலை இலாகா வெப்ப எச்சரிக்கை விட்டால் வேலை நேரத்தை முன்னுக்குத் தள்ள வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரியைத் தொட்டாலே முதல் எச்சரிக்கை வந்துவிடும்.

பக்கத்து ஆளைக் கவனியுங்கள்

கோரிக்கை நிறைவேறும் வரை கூட்டாளியை நாம்தான் காப்பாற்ற வேண்டும். தசை பிடித்தால், தலை சுற்றினால், குமட்டினால் உடனே நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு உளறினால், நடை தடுமாறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்பத் தாக்கம். உயிர் போகும் விஷயம். உடனே 999 க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா நிற்காதீர்கள். சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடும்.

திடலில் ஆடும் தம்பிகளே, உங்கள் குழுவில் ஒருவரைத் தண்ணீர்க் கணக்குப் பார்க்க நியமியுங்கள். பாதி ஆட்டத்தில் அனைவரும் குடித்தார்களா என்று பார்ப்பது அவர் வேலை. நிரையிலும் அப்படியே. “நீ குடிச்சியா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதும் சங்க வேலைதான்.

தண்ணீர் ஊற்றாமல் எந்த இயந்திரத்தையும் ஓட்ட மாட்டார்கள். டிராக்டருக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று காலையில் மூடியைத் திறந்து பார்க்கிறார் மண்டோர். அந்த மரியாதையாவது மனிதனுக்கும் கிடைக்க வேண்டாமா? இந்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எழுதிச் சேருங்கள், தோழர்களே. தண்ணீர் குடிக்கும் நேரமும் வேலை நேரமே!